நெஞ்சைப் பார்க்க ஒரு மலை

"ஒரு ஆம்பிளையைப் பார்த்து, தம்பி உனக்குச் சயரோகமோ எண்டு நேரை கேட்கேலுமோ? அதுக்குத்தான் இந்த மலை" என்றார் தில்லைநாதர்.

மனைவி கனகாம்பிகை சம்பலுக்கு அரைத்துக்கொண்டே கேட்டாள். "அங்கை இருக்கிற டொக்குத்தரிட்டை விசாரிச்சால் தெரியாதோ?"

"விசாரிச்சால் அடுத்த நாளே மாப்பிள்ளை வீட்டாரின்ரை காதுக்குப் போகும். கலியாணம் குழம்பிப்போகும்."

அவர்களுடைய ஒரே மகள் பத்மாசினிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை பரமலிங்கம், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கர். கொடிகாமத்துக் குடும்பம். சாதகம் பொருந்திற்று, சீதனமும் பேசி முடிந்தது. அந்த நேரம் பார்த்து அச்சுவேலிச் சந்தையில் யாரோ தில்லைநாதரின் காதைக் கடித்துவிட்டான்: குளிருக்குள் இருந்து இருந்து பெடியனுக்கு நெஞ்சில் வருத்தமாம், சயரோகமாம்.

அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. ஆனாலும் மூளை போகவில்லை. தரகர் தம்பிஐயாவைக் கூப்பிட்டு, தமக்கு மலை பார்க்க நெடுநாள் ஆசை என்றும், மாப்பிள்ளை கூட்டிப்போனால் பெரும் புண்ணியம் என்றும் தேன் ஒழுகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் உடனே சம்மதித்தார். தோட்டத்துக்கு மேலே, பாதி மலையில் ஒரு குளம்; அதற்கும் மேலே உச்சி. விடிய ஏறினால் பொழுதுபட முன் இறங்கிவிடலாம் என்று பதில் வந்தது.

"குளம் மட்டும் நான் கதை குடுத்துக்கொண்டே ஏறுவன். கதைக்க விட்டால்தானே மூச்சுத் தெரியும்! சாப்பாட்டுப் பையும் அவன்ரை தோளிலைதான்."

"அதுக்குப் பிறகு?"

"குளத்துக்கு அங்காலைதானாம் செங்குத்து. அதிலை நான் விழுந்திடுவன்."

அம்மிச் சத்தம் நின்றது. "என்ன சொல்லுறியள்?"

"நடிப்பப்பா, நடிப்பு! இருமுவன், நெஞ்சைப் பிடிப்பன், மூச்சு விடேலாதவன் மாதிரிக் கிடப்பன். ஆனா உச்சியைப் பாராமல் இறங்கமாட்டன் எண்டு அடம்பிடிப்பன். என்னையும் தாங்கிக்கொண்டு அவன் உச்சிக்கு ஏறினான் எண்டால், அந்த நெஞ்சிலை ஒரு குறையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைக் குடுக்கலாம்."

"நீங்கள் மெய்யாவே விழுந்தியளெண்டால்?"

"நானோ?" தில்லைநாதருக்குச் சிரிப்பு வந்தது.

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைக்க, இளவயது முதல் கிணற்றுத் துலாவின் மேல் ஏறியும் இறங்கியும் மிதித்த கால்கள் அவை. அச்சுவேலியில் மேடு என்று சொல்லக் கிணற்றுக்கட்டுத்தான் உண்டென்றாலும், துலா மிதித்தவனுக்கு மலை ஒரு பொருட்டா? இருமல்தான் அவருக்குப் பழக்கமில்லை. அதையும் நாலு நாளாகத் தோட்டத்து மூலையில் நின்று பழகினார். பக்கத்துத் தோட்டக்காரன் இரக்கப்பட்டு, மல்லி அவித்துக் குடிக்கச் சொன்னான்.

பத்மாசினி பொரிவிளாங்காய்ப் பலகாரம் நிறைந்த பையைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே கிணற்றுத் தண்ணீர் மூன்று போத்தல்.

"குளத்துக்குப் போறவனுக்குத் தண்ணியோ, பிள்ளை?"

"மலைத் தண்ணி காய்ச்சலாக்கும் எண்டு அம்மாதான் வைக்கச் சொன்னவ" என்றவள், பை யாருடைய தோளில் ஏறப்போகிறது என்ற நினைவு வந்ததும் இரண்டு போத்தலை எடுத்து வெளியே வைத்தாள். "பாரமாய் இருக்கும், ஐயா."

தில்லைநாதர் மீசைக்குள் சிரித்தார்.

"கனக்கச் சோதியாதேங்கோ, ஐயா" என்று மெல்லச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். பெண் பார்க்க வந்த அன்று ஒரு தடவைதான் அவனைப் பார்த்திருந்தாள். அந்த ஒரு தடவையிலேயே மனம் அவனோடு போய்விட்டது. மலையில் அவன் ஒரு முறை இருமிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயத்தில், ஐயா ரயிலேறிப் போய்த் திரும்பும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தில்லைநாதர் திரும்பி வந்தபோது, படலையைத் திறக்குமுன்பே அவர் குரல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

"உச்சி மட்டும் ஏத்தினான்! கடைசித் துண்டு முதுகிலை! நான் இருமின இருமலிலை பெடியன் பயந்துபோனான். தன்ரை கம்பளிச் சட்டையைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டு, அந்தக் குளிருக்கை வெறும் சேட்டோடை நிண்டான். ஒரு இருமல்? ஒரு இளைப்பு? இல்லையே! சந்தையிலை கதைச்சவன்ரை வாயிலை மண்ணைப் போட!"

கதவுக்குப் பின்னால் பத்மாசினி சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

அடுத்த கிழமை முழுவதும், வருவோர் போவோருக்கெல்லாம் தில்லைநாதர் அந்த மலையை ஏறிக் காட்டினார். சனிக்கிழமை காலை தம்பிஐயா வந்தார். கதிரையை இழுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை.

"நாள் வைக்கச் சொல்லிவிட்டினமோ, தம்பிஐயா?"

"இல்லை, அண்ணை. அவை வேண்டாமாம்."

"வேண்டாமோ! ஏன், சீதனம் காணாதாமோ?"

"சீதனமில்லை, அண்ணை. உங்கடை தங்கச்சி இளவயசிலை செத்துப்போனது சயரோகத்தாலை எண்டு ஆரோ மாப்பிள்ளையின்ரை தாய்மனுசிக்குச் சொல்லிப்போட்டினம். உங்களிட்டை நேரை கேட்கேலாமல் தவிச்ச மனுசி, நீங்கள் மலைக்கு வாறியளெண்டதும், பொம்பிளையின்ரை தேப்பன்ரை நெஞ்சை ஒருக்காக் கவனிச்சுக்கொள் எண்டு மகனுக்கு அறிவிச்சவவாம். பரம்பரை வருத்தமேதானாம், அண்ணை. நீங்கள் இருமின இருமலுக்குக் கனகாலம் தாங்கமாட்டியளாம்."