மோதிரவிரல் பாடம்

பத்திரப்பதிவு எழுத்தர் நன்மாறன், எழுத்தில் இருப்பதை மீறி அறியாதவர். நாள்தோறும் நகம் வெட்டிக்கொண்ட பின்னரே தம் இசைக்கருவியைத் தொடுவார். மீட்டாமல், விரல்நுனியால் தட்டி வாசிக்கும் பதினாறு தந்திகள் கொண்ட அப்புதுக் கருவிக்குப் பாடநூல் எதுவும் இல்லை. ஊரில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஒருவரான அற்புதமேரி, எந்தத் தந்தியை எந்த விரல் தட்டவேண்டும் என்று புள்ளியிட்ட குறிப்பேடு ஒன்றைக் கொடுத்திருந்தார். ‘வலித்தால் விரல் பழகுகிறது என்று பொருள்’ என முகப்பில் எழுதியிருந்தது. மூன்றாண்டுகளில் நன்மாறனின் மோதிரவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. அதைக் காட்டியபோது அம்மையார் சிரித்தார்.

“நான் மோதிரவிரலத் தந்தியில வெச்சதே இல்லையே தம்பி! மேடையில என் கையப் பாத்துமா தெரியல?”

“பின்ன ஏங்க்கா அப்படி எழுதிக் குடுத்தீங்க?”

“இந்த ஊருக்கு ஒருத்தி போதும்னுதான். டீ ஆறுது, குடிங்க.”

குடித்துவிட்டு வந்தார். வீட்டில் ஒரு கடிதம் காத்திருந்தது. அதே கருவியைப் புதிதாக வாங்கிய திலோத்தமை என்னும் கல்லூரி மாணவி, மூன்றாண்டு பழகியவரிடம் பாடக்குறிப்பு ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். நன்மாறன் குறிப்பேட்டை விரித்துவைத்து, வழக்கம்போல் நகம் வெட்டிக்கொண்டார். முகப்பு வரியையும் சேர்த்து, ஒரு புள்ளியும் மாறாமல் படியெடுத்து அனுப்புவது என்று முடிவு செய்தார்.