கோலத்தில் விட்ட இடம்

மார்கழிப் பனியில் ஜெபதுரையின் பைக் நனைந்து நிற்கிறது. சோக்கை இழுத்து உதைக்கிறான், இருமிவிட்டு அடங்குகிறது. ராஜபாளையத்து மில்லில் ஷிஃப்டுக்கு நேரமாகிறது. வளவு வீடுகளுக்கான பொதுவாசலில் கோலமிட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு வஞ்சுளவல்லி எழுந்து வந்து, மாவு படிந்த கையால் செல்போன் வெளிச்சம் காட்டுகிறாள். அவன் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறான். அடுத்த உதையில் என்ஜின் பிடித்துக்கொள்கிறது. “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்கிறான் சத்தமாக, அவள் சிரிக்கிறாள். முகப்பு விளக்கில் வாசல் நிறையக் கோலம் வெள்ளையாக மின்னுகிறது. நடுவில் மட்டும், டயர் போகுமளவுக்கு, ஒரு பட்டை வெறுந்தரை. காலைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் மெல்ல ஓட்டி வெளியேறியவன், பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்க்கிறான். “நான் போனதும் இதை அடைச்சிருவியளா, அக்கா?” “அதெப்படி? நீ திரும்பி வரணும்லா.”