ஆறுச்சாமியின் பாலம்

"பாத்தியா சாந்தாமணி, என்ற தம்பி பண்ற அலும்பை! மகளைப் பாக்க இங்கிலாந்து போனவன், அங்க ஏதோ கிராமத்துல அறுநூறு வருசத்துக் கல்லுப் பாலத்தைப் பாத்தானாம். அதே மாதிரி தோட்டத்துல கட்டிப்போட்டான்!"

கந்தப்பன் செல்போனை மனைவியிடம் நீட்டினார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், புதுப் பாலத்தின் மேல் ஆறுச்சாமி நின்றுகொண்டிருந்தார்.

"அழகாத்தானுங்க இருக்குது."

"அங்க அதுல ஒரு கல்லை அசைக்கோணும்னாக்கூட கவர்மெண்ட் பர்மிஷன் வேணுமாம். இவன் கட்டுனது ஒரு மழைக்குத் தாங்குமா? எல்லாம் என்ற வயிறு எரியோணும்னு செய்யறது. வா, நேர்ல பாத்து நாலு வார்த்தை கேட்டுப்போட்டு வரலாம்."

பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. தன் பங்கைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் துடியலூருக்கு வந்த கந்தப்பன், அதற்குப் பிறகு தோட்டம் இருக்கும் மேட்டுப்பாளையம் பக்கமே போனதில்லை.

தம்பியின் தோட்டத்துக்குப் போய்ப் பாலத்தில் ஏறியவர் கல்லைத் தட்டினார், உதைத்தும் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. வயிறு இன்னும் எரிந்தது. ஓடையைத் தாண்டியதும் பாலம் ஒரு கம்பி வேலியில் முட்டி நின்றது. கந்தப்பனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"வேலியில கொண்டுபோய் முட்ட உட்டிருக்கான் பாரு, கூறுகெட்டவன்!"

"மெதுவாப் பேசுங்க," என்றாள் சாந்தாமணி. "பாகம் பிரிஞ்ச கோவத்துல, நம்ம பங்குக்கு நீங்க ஆளை உட்டுப் போடச் சொன்ன வேலிதானுங்க அது."

கந்தப்பன் திரும்பினார். பின்னால் ஆறுச்சாமி நின்றிருந்தார்.

"இதுக்கு மேல நீங்கதானுங்கண்ணா சொல்லோணும்."

கந்தப்பன் வேலிக் கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"கம்பியை வெட்டு. என்ற பக்கத்துப் படியை நானே கட்டிக்கறேன். உன்றதைவிடப் பெருசா!"