வீசாத துண்டு

அக்ராவின் புக்கோம் சந்தில் பொரித்த மீன் மணக்கிறது, வெயில் எண்ணெய்ச்சட்டியில் மினுங்குகிறது. "அயிக்வே என்ன பெரிய குத்துச்சண்டை சாம்பியன்? அடி வாங்கத்தான் தெரியும்," என்கிறான் மீன் வாங்க வந்த ஓடோய். "போடா! கடைசி ரவுண்டு பூரா வாங்கியும் மனுஷன் விழுந்தாரா?" என்று எகிறுகிறாள் கடைக்காரி கோர்கோ. பெஞ்சில் அயிக்வேயின் கைகள் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. சோளத்தோகையை உரித்து, உள்ளே வெந்த சோளமாவுக் கெங்கேயை அவருக்கு ஊட்டுகிறார் லாம்ப்டே. அந்தக் கடைசி ரவுண்டில் அவருடைய பயிற்சியாளராக மேடையோரம் நின்றவர் இவர்தான். கையிலிருந்த துண்டை வீசியிருந்தால் சண்டை நின்றிருக்கும், பட்டமும் போயிருக்கும். வீசவில்லை. இப்போது அயிக்வேயின் கடைவாயில் எச்சில் வழிகிறது. லாம்ப்டே தோள்துண்டால் துடைக்கிறார். "இவனைக் கேளுங்க," என்று குழறிச் சிரிக்கிறார் அயிக்வே. "துண்டை வீசவே இல்ல. என்மேல அவ்வளவு நம்பிக்கை." லாம்ப்டே துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறார்.