சின்ன ர

ஆஸ்பத்திரி டோக்கன் மென்பொருளில் சபீனா மூன்று முறை திருத்திய பிழை, நான்காவது கவுண்ட்டரில் மறுபடி முளைத்து இரண்டு நோயாளிகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தது. ஒரே நிரலை யார் யாரோ நகலெடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி எங்கெங்கோ ஒட்டியிருந்தார்கள். எத்தனை நகல் என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் நிரலின் தலையில் இருந்த குறிப்பு கண்ணில் பட்டது: 'அடுத்தவர் முரை'. அதை மட்டும் ஒருவரும் திருத்தவில்லை. 'முரை' என்று தேடினாள். பத்தொன்பது வந்தன. பதினெட்டை அழித்து, பிழை திருத்திய ஒன்றையே எல்லாக் கவுண்ட்டர்களுக்கும் பொதுவாக்கினாள். மாலைவரை ஒரு புகாரும் இல்லை. நெடுநாளுக்குப் பிறகு டீயைச் சூடாகக் குடித்தாள்.

"அந்தச் சின்ன ர-வப் பெரிய ற-வா மாத்திடவா?" என்றான் பக்கத்து இருக்கை தாமோதரன்.

"கைய ஒடிச்சிடுவேன்," என்றாள் சபீனா. "நாளைக்கு எவனாவது மறுபடி காப்பியடிச்சா, எத வெச்சுத் தேடுறது?"