இதம்

நரம்பு நோய் வந்ததிலிருந்து எழிலரசனின் கைகளுக்குச் சூடு தெரியாது. தெரியாமல் வெந்நீரை ஊற்றிவிடுவோமோ என்ற பயத்தில், நான்கு மாத மகளை அவன் ஒருமுறைகூடக் குளிப்பாட்டியதில்லை. இன்று அவன் மனைவி மங்கை, சூட்டை உணரும், அரிசி மணியளவு டையோடு ஒன்றை ஒயரில் பற்றவைத்து, நீர் புகாதபடி பசையால் மூடி, மீட்டரோடு இணைத்து வாளித் தண்ணீருக்குள் விட்டாள்.

"சூடு ஏறுனா நம்பர் இறங்கும். ஐநூத்தி எழுபதுக்குக் கீழ போனா பச்சத்தண்ணி கலந்துக்கங்க."

அவன் கலந்தான். எண் மெல்ல ஏறி, அவள் சொன்ன இடத்தில் நின்றது. மடியில் கிடந்த மகளின் பாதத்தில் ஒரு கை நீரை விட்டான். குழந்தை காலை உதைத்துச் சிரித்தது.

"சூடு சரியா இருக்கா?" என்று கேட்டாள் மங்கை.

அவன் மீட்டரைப் பார்க்கவில்லை. ஈரக் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப இதமா இருக்கு மங்கை," என்றான்.