காலிப் பக்கம்

மே தின வெயில் பந்தல் துணியைத் தாண்டி இறங்குகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரின் கிராம சபை. ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தை விரித்து, மேல்பாதியை முழங்கையால் மறைத்துக்கொண்டு, கீழ்ப்பாதியில் வரிசையாகக் கையெழுத்து வாங்குகிறார். போட்டவர்களுக்கு ஒரு லட்டு, ஒரு மோர் பாக்கெட். நானும் போட்டுவிட்டு லட்டோடு ஒதுங்கி நிற்கிறேன். அடுத்து பக்கத்து வீட்டு எப்சி டீச்சர். அவர் பேனாவைத் தொடவில்லை. "கையை எடுங்க சார்." முழங்கை நகர்கிறது. மேலே ஒரு எழுத்துகூட இல்லை. "தீர்மானம் எங்க?" "இது வருகைப் பதிவுதான் டீச்சர். அதெல்லாம் அப்பால எழுதிக்கலாம்." "போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. அப்பால என்ன எழுதுனீங்க? ஏரித் தண்ணி வெளியே போற எடத்துல பதினாறு மாடி கட்ட ஊரே சம்மதம்னு எழுதுனீங்க!" தூரத்தில், அந்த இடத்தில் நிற்கும் கிரேன் மெதுவாகத் திரும்புகிறது. மோர் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கிறது. டீச்சர் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்கிறார். பரீட்சைத் தாளில் காலிப் பக்கத்தை அடிப்பதுபோல மூலைக்கு மூலை ஒரு கோடு, அதன் குறுக்கே இன்னொன்று. அழுத்திய அழுத்தில் தாள் கிழிகிறது. "ஐயோ, கவர்மென்ட் ரிஜிஸ்டர் டீச்சர்!" "கையெழுத்து எங்களுது சார்." பேனாவை மூடாமலே என் பக்கம் திரும்புகிறார். "நீங்க எதைப் படிச்சிட்டுப் போட்டீங்க?" என் வாய் நிறைய லட்டு.